வளைந்த கூரையும் சிறு மாதிரியும்

ஹைதராபாத்தில் குடியேறிய தமிழர்களுள் கோல்கொண்டாவைக் காணாதவர் மிக அரியர். ஊரிலிருந்து உறவினர் வந்தால் ஒரு நாள் சார்மினார், மறு நாள் கோல்கொண்டா என்று அழைத்துச் செல்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கோட்டையின் நுழைமாடத்தின் கீழ் நின்று கைதட்டி, அவ்வோசை குன்றின் உச்சியிலுள்ள பாலா ஹிசாரில் கேட்பதை வியந்து மகிழ்கிறோம். ஆயினும் அங்கே காதுக்கு விருந்தாவது போலவே கண்ணுக்கும் கருத்துக்கும் விருந்தாகும் ஒன்று உண்டு. அதுதான் வளைவு. கட்டடக்கலை வரலாற்றில் வளைந்த வடிவம் எவ்வாறு எண்ணப்பட்டது, எவ்வாறு கைக்கு வந்தது என்னும் கேள்விக்குக் கோல்கொண்டாவும் அதன் சுற்றுப்புறமும் நல்ல தொடக்கமாக அமைகின்றன.

அங்கே இரு வகை வளைவுகளைக் காண்கிறோம். முதல் வகை, குதுப் ஷாஹி மன்னர்களின் கல்லறைகள் மீது எழும்பிய குவிமாடங்கள். ஹைதராபாத் நகரை 1591-இல் நிறுவிய முகம்மது குலி குதுப் ஷா 1612-இல் மறைந்து அடக்கமான மாடமும் அவற்றுள் ஒன்று. சதுரமான அடித்தளத்தின் நடுவில் எழும் குவிமாடத்தை எப்பக்கம் நின்று நோக்கினும் ஒரே தோற்றந்தான். பாதியைக் கண்டால் மறு பாதியும் விளங்கும். இத்தகைய வடிவத்தைக் கொத்தனாருக்கு உணர்த்துவது கடினமன்று. நடுவில் ஒரு முளை, அதில் ஒரு கயிறு, குவிமாடத்தின் வெளிக்கோட்டைக் காட்டும் ஓர் அச்சுப் பலகை ஆகிய இவை இருந்தால், சுற்றிச் சுற்றி ஒரே அளவை எடுத்துச் செல்லலாம்.

இரண்டாம் வகை, கோட்டையின் புற மதில். சுமார் 10 கிலோமீட்டர் சுற்றளவும், 87 கொத்தளங்களும், 8 வாயில்களும் கொண்ட அம்மதிலில் சமச்சீர் என்பதே இல்லை. பாறை வளைந்த இடத்தில் மதிலும் வளைகிறது. குன்று இறங்கிய இடத்தில் மதிலும் இறங்குகிறது. முகலாயர் 1656-இல் முற்றுகையிட்டுச் சென்ற பின்னர், வடகிழக்கே எதிரிக்குப் பயன்படக்கூடிய மேட்டையும் உள்ளடக்கி நயா கிலா என்னும் புதுக்கோட்டைப் பகுதி சேர்க்கப்பட்டது. அதனால் மதிலின் உருவம் மேலும் கோணலாயிற்று. இங்கும் கொத்தனாருக்கு இடர்ப்பாடு இல்லை. கருங்கற் குன்றே அவருக்கு அச்சு. நிலம் காட்டிய வழியில் கல்லை அடுக்கினால் போதும்.

ஆகவே முதல் வளைவை வட்டம் தந்தது. இரண்டாம் வளைவை மலை தந்தது. வட்டமும் தராத, மலையும் தராத மூன்றாம் வளைவு ஒன்று உண்டு. அது ஒருபுறம் உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும், ஓரிடத்தில் உப்பியும் வேறிடத்தில் குழிந்தும், மனித மனத்தில் மட்டுமே தோன்றும் வடிவம். அதைத் தாளில் வரையப் புகுந்தால் ஒரு பக்கத் தோற்றம் மறு பக்கத்துக்கு உதவாது; எத்தனை குறுக்கு வெட்டு வரைந்தாலும் அடுத்த அடியில் வடிவம் மாறியிருக்கும். அத்தகைய வடிவத்தை எண்ணுபவர் எங்ஙனம் எண்ணினார்? கட்டுபவருக்கு எங்ஙனம் சொன்னார்? இவ்விரு கேள்விகளுக்கும் வரலாறு தரும் விடை ஒன்றே: சிறு மாதிரி.

மாதிரி செய்து வடிவம் காண்பது தமிழர்க்குப் புதிதன்று. சுவாமிமலை ஸ்தபதிகள் வெண்கலத் திருமேனி வார்க்கும் முறையை நாம் அறிவோம். மெழுகில் முழு உருவத்தையும் செய்து, அதன்மேல் மண் பூசிக் காயவைத்து, நெருப்பிலிட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகின்றனர். சோழர் காலத்து நடராசர் திருவுருவங்களை நினைத்துப் பாருங்கள். ஒரு கால் ஊன்றியிருக்க, மற்றொரு கால் குறுக்கே தூக்கியிருக்கிறது. நான்கு கைகளும் நான்கு திசைக்குப் போகின்றன. இடமும் வலமும் சிறிதும் ஒவ்வா. எனினும் உருவம் சாய்வதில்லை. இந்தச் சமநிலையைக் கண்டவை மெழுகில் விளையாடிய விரல்களே. ஆனால் அம்மெழுகு மாதிரி ஒரே வார்ப்பில் மறைந்துபோகிறது. திருமேனி வாழ அது தன்னை இழக்கிறது. கட்டட மாதிரிகளின் வரலாற்றிலும் இந்த இழப்பைப் பின்னர்க் காண்போம்.

மேலைநாட்டில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரப் பேராலயத்துக்குக் குவிமாடம் எழுப்பும் சிக்கல் 1418-இல் போட்டிக்கு விடப்பட்டபோது, புருனெல்லெஸ்கி என்பார் செங்கல்லால் மாதிரி செய்து தம் முறையை விளக்கினார். 1420-இல் தொடங்கிய பணி 1436-இல் முடிந்தது. ரோமாபுரியின் புனித பேதுரு ஆலயக் குவிமாடத்துக்கு மைக்கேல் ஆஞ்சலோ 1558 முதல் 1561 வரை பெரிய மர மாதிரி ஒன்றைச் செய்வித்தார். இம்மாதிரிகள் வடிவத்தைக் காட்டின. ஆனால் அவ்வடிவம் நிற்குமா விழுமா என்பதை அவை சொல்லவில்லை. சிறியதாய் நிற்பது பெரியதாகவும் நிற்கும் என்னும் நம்பிக்கையே அக்காலத்துத் துணையாக இருந்தது.

அந்த நம்பிக்கைக்கு அறிவு வழியை வகுத்தவர் ஆங்கில அறிஞர் ராபர்ட் ஹூக். வளைவின் உண்மை வடிவத்தைத் தாம் கண்டதாக 1675-இல் ஒரு நூலில் அறிவித்த அவர், விடையை எழுத்துகள் குலைத்த புதிராகவே அச்சிட்டார். அவர் மறைந்தபின் 1705-இல்தான் புதிரின் பொருள் வெளியாயிற்று. பொருள் எளியது. ஒரு சங்கிலியை இரு முனையிலும் பிடித்துத் தொங்கவிட்டால் அது தானாகவே ஒரு வளைவை அடைகிறது. அவ்வளைவில் எங்கும் இழுப்பு மட்டுமே உண்டு. அதே வளைவை இறுகச் செய்து தலைகீழாக நிறுத்தினால் எங்கும் அழுத்தம் மட்டுமே இருக்கும். கல்லும் செங்கல்லும் அழுத்தத்தைத் தாங்கும்; இழுப்பைத் தாங்கா. ஆகவே சங்கிலி காட்டிய வழியில் கல்லை அடுக்கினால் வளைவு நிலைத்து நிற்கும்.

நம் வீட்டு வாசலில் கட்டும் மாவிலைத் தோரணக் கயிற்றிலே இதைச் சோதிக்கலாம். கயிற்றில் ஒரே அளவாக இலைகளைக் கோத்தால் அது நடுவில் தாழ்ந்து இருபுறமும் ஒத்திருக்கும். ஒருபுறம் மட்டும் ஒரு தேங்காயைக் கட்டிவிட்டால் கயிறு அப்பக்கம் சரிந்து, கோணலான வளைவாகிறது. எடை எப்படியோ அப்படி வடிவம். கோணலாயிற்றே என்று அதை இகழ்வதற்கில்லை. அந்த எடைக்கு அதுவே நேர்மையான வடிவம். அதையும் தலைகீழாக்கினால், அதே எடைக்கு அதுவும் உறுதியாக நிற்கும். சமச்சீரின்மை இயற்கை விதிக்குப் புறம்பானதன்று என்பதைத் தோரணக் கயிறு நமக்குச் சொல்லிவிடுகிறது.

புனித பேதுரு ஆலயக் குவிமாடத்தில் விரிசல்கள் கண்டபோது, போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட் ஆணைப்படி போலேனி என்னும் பேராசிரியர் அதனை ஆராய்ந்தார். குவிமாடத்தின் ஒரு கீற்றுக்கு உரிய எடையைப் பகுத்து, அவ்விகிதப்படி 32 எடைகளை ஒரு சங்கிலியில் தொங்கவிட்டுப் பார்த்தார். சங்கிலியின் கோடு குவிமாடச் சுவரின் கனத்துக்குள்ளேயே அடங்கியது. ஆகவே கட்டடம் விழாது. இரும்பு வளையங்களால் இறுக்கினால் போதும் என்று முடிவு கண்டார். அவரது ஆய்வு 1748-இல் வெளிவந்தது. தொங்கும் ஒரு நூல், எழுந்து நிற்கும் ஒரு பேராலயத்துக்கு வைத்தியம் பார்த்த வரலாறு இது.

தொங்கும் நூலைக் கொண்டு ஒரு முழுக் கட்டடத்தையே கண்டறிந்தவர் ஸ்பெயின் நாட்டு அந்தோணி கௌடி. பார்சலோனா நகரின் அருகே நூற்பாலைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தேவாலயம் கட்டும் பணி 1898-இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் உடனே அடித்தளம் தோண்டவில்லை. ஒரு கொட்டகையின் கூரையிலிருந்து நூல்களைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு நூலிலும் ஈயக் குண்டுகள் நிறைந்த சிறு பைகளைக் கட்டினார். ஒவ்வொரு பையும் ஒரு சுவருக்கோ கூரைக்கோ உரிய எடை. ஒரு பையை மாற்றினால் பக்கத்து நூல்கள் எல்லாம் சற்றே அசைந்து புதிய வடிவம் கொண்டன. பத்தில் ஒரு பங்கு அளவில் அமைந்த அந்த மாதிரியில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்தன. அதை நிழற்படம் எடுத்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பி, அதன் மேல் வண்ணம் தீட்டித் தேவாலயத்தின் தோற்றத்தைக் கண்டார் கௌடி.

1908-இல் கட்டத் தொடங்கி, 1914-இல் பணி நின்றுவிட்டது. கீழ்த்தளம் மட்டுமே முடிந்தது. ஆனால் அக்கீழ்த்தளத்தில் தூண்கள் மரங்களைப் போலச் சாய்ந்து நிற்கின்றன. ஒரு தூண் மற்றொரு தூணைப் போலில்லை. தூக்குக் குண்டு பிடித்துச் செங்குத்தாக நிறுத்துவதே தூணின் இலக்கணம் என்று கற்ற கொத்தனார்கள் அங்கே சாய்வையும் அளந்து கட்டினார்கள். எந்தத் தூண் எவ்வளவு சாய வேண்டும் என்பதை நூல் முன்னமே காட்டியிருந்தது.

கௌடி 1926-இல் மறைந்தார். அவரது பெரும் பணியான சக்ராடா ஃபமீலியா பேராலயத்தின் பட்டறை 1936-இல் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் தீக்கிரையாயிற்று. வரைபடங்கள் எரிந்தன, சாந்து மாதிரிகள் உடைத்து நொறுக்கப்பட்டன. பின்வந்தவர்கள் அந்தத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து ஒட்டி, அவற்றின் வளைவுகளை அளந்தே பேராலயப் பணியைத் தொடர்ந்தார்கள். எரிந்த தாள் மீளவில்லை. உடைந்த மாதிரியோ மீண்டும் பேசிற்று. மாதிரி என்பது கட்டடத்துக்கு முன் வரும் பொம்மை மட்டுமன்று, கட்டடத்தின் நினைவும் ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கான்கிரீட் என்னும் புதுப் பொருள் வந்தபின் வளைவுக்கு மேலும் உரிமை கிடைத்தது. பிரான்சு நாட்டில் ரோன்சாம் என்னும் ஊரில் குன்றின் மேலிருந்த சிற்றாலயம் இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. அதற்கு மாற்றாகக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே அமைத்த ஆலயம் 1955-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் திறப்பு விழாக் கண்டது. அதன் கூரைக்குக் கருத்தளித்தது அமெரிக்கக் கடற்கரையில் அவர் எடுத்து வைத்திருந்த ஒரு நண்டின் ஓடு. முதலில் சாந்து மாதிரி. பின்னர்க் கம்பியும் தாளும் கொண்டு மற்றொரு மாதிரி. கம்பி மாதிரி கூரையின் எலும்புக்கூட்டைக் காட்டிற்று. 6 சென்டிமீட்டர் கனமுள்ள இரண்டு கான்கிரீட் ஓடுகள், இடையே 2.26 மீட்டர் வெளிவிட்டு, ஒரு கூரையாயின. அக்கட்டடத்தில் ஒரு சுவர் போல மற்றொரு சுவர் இல்லை.

அதே கலைஞர் நம் நாட்டில் சண்டிகரை அமைத்தபோது, சட்டமன்றக் கட்டடத்தின் சதுர எல்லைக்குள் வட்டமான அவை மண்டபத்தை நடுவில் வைக்காமல் ஒருபுறம் ஒதுக்கி வைத்தார். அனல் மின்நிலையங்களில் காணும் குளிர்விப்புக் கோபுரம் போல இடை குறுகிய அதன் கான்கிரீட் ஓடு கூரையைத் துளைத்துக்கொண்டு மேலெழுகிறது. உச்சியோ சாய்வாகச் சீவப்பட்டிருக்கிறது. அவ்வடிவங்களை மரத்தில் செதுக்கிக் காட்டியவர் சண்டிகர்ப் பணியில் மாதிரி செய்த ரத்தன் சிங். பாரிசு நகரில் வரைந்த கோடு, பஞ்சாபில் ஒரு தச்சரின் உளியால் முதன்முதல் உருப்பெற்றது. லெ கொர்பூசியேயின் பெயர் அறிந்தவர் பலர். ரத்தன் சிங்கின் பெயர் அறிந்தவர் சிலரே.

மாதிரியின் உதவி தாமதமாக வந்தால் என்ன நேரும் என்பதைச் சிட்னி நகரின் இசைநாடக அரங்கு காட்டுகிறது. 1957-இல் போட்டியில் வென்ற டென்மார்க்குக் கலைஞர் உட்சன், பாய்மரம் போன்ற கூரைகளைக் கையால் வரைந்திருந்தார். கண்ணுக்கு இனிய அக்கோடுகளுக்குக் கணக்கு இல்லை. பல ஆண்டுகள் பொறியாளர்கள் முயன்றும், கட்டக்கூடிய வழி புலப்படவில்லை. 1961-இல்தான் விடை கிடைத்தது: கூரைகள் அனைத்தையும் ஏறத்தாழ 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்தின் துண்டுகளாகக் கொள்ளலாம் என்று உட்சன் கண்டார். மரத்தாலான ஒரு கோளத்தை அரிந்து அவர் அதை விளக்கினார். ஒரே கோளமாதலால் ஒரே அச்சில் துண்டுகளை வார்க்க முடிந்தது. சமச்சீரற்ற தோற்றத்தின் உள்ளே ஓர் ஒழுங்கு ஒளிந்திருந்தது. அரங்கு 1973-இல் திறக்கப்பட்டது. உட்சனோ 1966-இலேயே பணியிலிருந்து விலகியிருந்தார்.

சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஹைன்ஸ் இஸ்லர் இன்னும் எளிய வழியைக் கையாண்டார். ஈரத் துணியை மூலைகளில் கட்டி, குளிர்கால இரவில் வெளியே தொங்கவிட்டார். காலையில் அது பனிக்கட்டியாய் உறைந்திருந்தது. தலைகீழாக நிறுத்தினால் அதுவே ஓர் அழகிய கூரை! இத்தகைய வழிகளால் எண்ணற்ற கூரை வடிவங்களைக் காணலாம் என்பதை அவர் 1959-இல் மாட்ரிட் மாநாட்டில் எடுத்துரைத்தார். ஹைதராபாத்தில் அவ்வாறு உறையும் குளிர் இல்லை. எனினும் பழைய மெல்லிய துணியொன்றைப் பாரிஸ் சாந்துக் கரைசலில் தோய்த்துத் தொங்கவிட்டு, காய்ந்தபின் கவிழ்த்து வைத்தால் நம் வீட்டுப் பிள்ளைகளும் இவ்வுண்மையை ஒரு பிற்பகலில் கண்டுகொள்ளலாம்.

நம் நகரத்துக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. இந்தியக் கட்டடக் கலைஞருள் தலைசிறந்த சார்லஸ் கொரியா 1930-இல் சிகந்தராபாத்தில் பிறந்தவர். சிறு வயதில் பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் அமைக்கப் படம் வரைந்து மகிழ்ந்ததைத் தம் கலையின் தொடக்கமாக அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். விளையாட்டு மாதிரியில் கற்ற வளைவு, 2010-இல் போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் ஆற்று முகத்துவாரத்தில் அவர் அமைத்த மருத்துவ ஆராய்ச்சி மையத்தின் வளைந்த சுவர்களாக மலர்ந்தது என்று கருதுவதில் பிழையில்லை. ஹைதராபாத் மின்னணு நிறுவனமான ஈ.சி.ஐ.எல். அலுவலகக் கட்டடம் அவர் அமைத்ததே. அந்நிறுவனத்தின் குடியிருப்பை 1968-க்கும் 1971-க்கும் இடையில் அமைத்தவர் பாலகிருஷ்ண தோஷி. பாரிசில் லெ கொர்பூசியேயிடம் பயின்று திரும்பியவர் அவர்.

தோஷி பின்னாளில் ஓவியர் எம். எஃப். உசேனுடன் சேர்ந்து அகமதாபாத்தில் 1992 முதல் 1995 வரை ஒரு நிலவறை ஓவியக் கூடம் அமைத்தார். அமதாவாத் நி குஃபா என்பது அதன் பெயர். ஆமை முதுகு போன்ற கூரைகள் நிலத்தின் மேல் புடைத்திருக்கின்றன. உள்ளே தூண்கள் அடிமரங்கள்போல் கோணிச் சாய்ந்திருக்கின்றன. நேர்க்கோடு என்பதே அரிது. அதன் வலிமையைக் கணிப்பொறி கணக்கிட்டது. கட்டியவர்களோ பழங்குடித் தொழிலாளர்கள். கம்பியையும் கம்பி வலையையும் கையால் வளைத்து, அதன்மேல் ஓர் அங்குலக் கனத்துக்குச் சிமெண்டுக் காரை பூசினார்கள். சென்ட்ரிங் பலகைகள் தேவைப்படவில்லை. கம்பிக் கூடே முழு அளவு மாதிரி. அந்த மாதிரியே கட்டடமும் ஆயிற்று. மெழுகு மறைந்து வெண்கலம் பிறப்பது ஒரு முறை. மாதிரி மறையாமல் தானே கட்டடமாவது மற்றொரு முறை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வரலாற்றில் ஒரு சிறப்பு புலப்படுகிறது. ஹைதராபாத்தில் எழும்பும் ஒரு மாளிகையில் பாலமூர்த் தொழிலாளர் தெலுங்கு பேசுவர், ஒடிசாவினரும் பீகாரினரும் தத்தம் மொழி பேசுவர், மேற்பார்க்கும் பொறியாளர் தமிழராக இருக்கலாம், வரைபடத்திலோ ஆங்கிலம். தாளில் உள்ளதை இத்தனை மொழிகளில் பெயர்த்துச் சொல்வதற்குள் பொருள் தேய்ந்துவிடும். மாதிரியை நடுவில் வைத்தால் அவரவரும் சுற்றி வந்து, குனிந்து நோக்கி, விரலால் தடவிப் புரிந்துகொள்கின்றனர். எழுத்தறியாதவரும், 'இந்த இடத்தில் மழை நீர் தேங்குமே' என்று குறை காட்ட முடிகிறது. தாள் கட்டளையிடுகிறது, மாதிரி கலந்துபேசுகிறது. பலர் கூடி எழுப்பும் கட்டடத்தில் பலருக்கும் பேச வாய்ப்பளிப்பது சிறு பேறு அன்று.

இன்று கணிப்பொறித் திரையில் எவ்வளைவையும் நொடியில் வரையலாம். அதையே இயந்திரத்தால் சிறு உருவாக அச்சிட்டும் எடுக்கலாம். இது நன்மையே. ஆனால் திரையில் தோன்றும் வடிவுக்கு எடையில்லை. அங்கே கூரை மிதந்தாலும் தவறு தெரியாது. நூலில் கட்டிய குண்டும், ஈரத் துணியும், கையில் வளையும் கம்பியும் பொய் சொல்வதில்லை.

இத்துணைப் பயனுடைய மாதிரிகளை நாம் எப்படிப் போற்றுகிறோம் என்பதே இப்போது எழும் கேள்வி. கட்டடம் முடிந்ததும் மாதிரி ஒரு மூலைக்குப் போகிறது. அலுவலகம் இடம் மாறினால் பழைய சாமான்களோடு கழிக்கப்படுகிறது. தில்லியில் 1972-இல் ராஜ் ரேவாலும் பொறியாளர் மகேந்திர ராஜும் எழுப்பிய ஹால் ஆஃப் நேஷன்ஸ் காட்சி மண்டபம் 2017-இல் ஓர் இரவில் இடிக்கப்பட்டது. கட்டடமே நிலையற்றதாகும் காலத்தில், அதன் வடிவைப் பின்வருவோர் அறிய எஞ்சக்கூடியவை படங்களும் மாதிரிகளுமே. 2022-இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் தென்னாசியக் கட்டடக்கலை பற்றிய கண்காட்சி நடத்தியபோது, மாணவர்களைக் கொண்டு மாதிரிகளைப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.

நம்முள் பலர் அரசு அலுவலகங்களிலும், பொதுத்துறை நிறுவனங்களிலும், கல்லூரிகளிலும் பணியாற்றுகிறோம். அங்கே மாடிப்படியின் கீழோ நூலக மூலையிலோ கண்ணாடிப் பெட்டிக்குள் தூசி படிந்த மாதிரி ஒன்று இருக்கக்கூடும். அதைத் துடைத்து, எந்தக் கட்டடம், எந்த ஆண்டு, எந்தத் தச்சர் செய்தது என்று விசாரித்து ஒரு சீட்டில் எழுதி ஒட்டுவதற்கு அரை நாள் போதும். மாதிரி செய்த முதியவர் இன்னும் இருந்தால் அவரையே கேட்டறியலாம். எவ்வூரிலிருந்து எவ்வூர் வந்து வாழ்ந்தாலும், நாம் வாழும் ஊரின் கைவினைஞருக்குச் செய்யத்தக்க மரியாதை இது. பார்சலோனாவில் உடைந்த சாந்துத் துண்டுகள் ஒரு பேராலயத்தை வளர்த்தன. நம் அலுவலக மூலையில் கிடப்பது இன்னும் உடையாமலே இருக்கிறது.